சிந்தியவர் யார்? சோதிப்பவர் யார்?

குழாயிலிருந்து பாத்திரத்தில் விழுந்த நீர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. வாயருகே கொண்டு சென்றாலோ எண்ணெய் மணம் மூக்கைத் துளைக்கிறது. குழந்தைக்கு வாந்தி, தாய்க்குத் தலைவலி, குளித்தெழுந்த தந்தைக்கு உடலெங்கும் தடிப்பு. அஞ்சி முறையிட்டவர்களுக்கு அதிகார பீடத்திலிருந்து மறுமொழி வருகிறது: நீரில் கேடிருப்பதற்கான அறிகுறி ஏதும் இப்போது இல்லை, நாங்களும் இந்த நீரைத்தான் பருகிக்கொண்டிருக்கிறோம் என்று!

எங்கே நடந்தது இது? கேட்பாரற்ற குக்கிராமத்திலா? இல்லை. செல்வத்தாலும் படைவலியாலும் உலகில் முதலிடம் கொண்டாடும் அமெரிக்க நாட்டில் நடந்தது. 2021ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், ஹவாய் மாநிலத்து ஓவாஹு தீவில், பேர்ல் துறைமுகத்தை அடுத்த படைத்தளக் குடியிருப்புகளில் நடந்தது. கடற்படை வழங்கிய நீரை நம்பி அங்கே இருந்தவர்கள் சுமார் 93,000 பேர். அவர்களுள் மிகப் பலர் படைவீரர்களும் அவர்தம் மனைவி மக்களுமாவர். நாட்டைக் காக்கப் புறப்பட்டவனுடைய வீட்டு அடுப்பங்கரையில், அவனுடைய படையே சிந்திய எண்ணெய்!

அந்த எண்ணெய் வந்த மலையின் பெயர் ரெட் ஹில். பெயரைக் கேட்டதும், சென்னைத் தோழர்களுக்குத் தங்கள் தாகம் தீர்க்கும் செங்குன்றத்து ஏரி நினைவுக்கு வரும். ஒற்றுமை பெயரளவில் நிற்கட்டும் என்பதே நம் விருப்பம். ஆனால் அம்மலை கற்பிக்கும் பாடம், நிலத்துக்கடியில் எண்ணெய்க் குழாய் ஓடும் ஊர் அனைத்துக்கும் உரியது. ஆகவே கடல் கடந்த அந்தக் கதையை இன்று சற்று விரிவாகவே பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த நேரம். 1940இல் தொடங்கி 1943க்குள், எரிமலைப் பாறையாலான அந்த மலையின் வயிற்றைக் குடைந்து 20 தொட்டிகள் கட்டினர். ஒவ்வொன்றும் 250 அடி உயரம். 100 அடி குறுக்களவு. ஒரு தொட்டி ஏறத்தாழ 4 கோடியே 70 இலட்சம் லிட்டர் எரிபொருள் கொள்ளும். அங்கிருந்து துறைமுகம் வரை மலைக்குள்ளேயே சுரங்கம். சுரங்கம் நெடுகக் குழாய்கள். பகைவரின் விமானக் கண்ணுக்கு இவை தெரியக்கூடாது, குண்டு துளைக்கக்கூடாது என்பது கட்டியோர் கவலை. போர்க்காலத்தில் அந்தக் கவலையை யாரும் குறைகூற இயலாது. ஆனால் தொட்டிகளுக்கும், ஹொனலூலு நகர மக்கள் குடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே இருந்தது சுமார் 100 அடிப் பாறைதான். மேலே எண்ணெய், கீழே குடிநீர், நடுவே வெடிப்பும் இடுக்கும் நிறைந்த பாறை. பகைவன் கண்ணுக்கு மறைத்துவிட்டார்கள். பாறையின் வெடிப்புக்கு மறைக்க முடிந்ததா?

2014ஆம் ஆண்டு சனவரியில் 5ஆம் எண் தொட்டியிலிருந்து 1 இலட்சம் லிட்டர் எரிபொருள் கசிந்தது. இது எச்சரிக்கை மணி. ஹொனலூலு குடிநீர் வாரியத்தார் எச்சரித்தனர். இயற்கை வளம் காக்கும் சங்கத்தார் எச்சரித்தனர். அந்த மண்ணின் மக்களாகிய ஹவாய்ப் பழங்குடியினர் எச்சரித்தனர். "ஓலா இ கா வாய்" என்பது அம்மக்களின் பழமொழி. உயிர் நீரில் இருக்கிறது என்பது அதன் பொருள். 2015இல் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆய்வு செய்வோம், படிப்படியாகத் திருத்துவோம் என்றனர். ஏடு வளர்ந்தது, எண்ணெய் இருந்த இடத்திலேயே இருந்தது.

2021 மே மாதம் 6ஆம் நாள், எரிபொருளை இடம் மாற்றும்போது செய்த பிழையால் அழுத்தம் மிகுந்து குழாய் பிளந்தது. சுமார் 75,000 லிட்டர் வெளியேறியது. சுரங்கத்தில் தீயணைப்பு ஏற்பாட்டைச் சேர்ந்த வடிகுழாய் ஒன்று இருந்தது. சிந்தியதில் பெரும்பகுதியை அந்த வடிகுழாய் உறிஞ்சிக்கொண்டது. அதிகாரிகளோ, சிந்தியது 6,000 லிட்டர் அளவே, அதையும் அள்ளிவிட்டோம் என்று கணக்கெழுதி முடித்தனர். மிச்சம் எங்கே என்று இறுதிவரை துருவிக் கேட்டிருந்தால் கேடு அங்கேயே நின்றிருக்கும். கேட்கவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் அந்த எண்ணெய் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் தூங்கிற்று. நவம்பர் 20ஆம் நாள், சுரங்கத்தில் ஓடிய வண்டியொன்று அந்தக் குழாயை இடித்தது. குழாய் உடைந்தது, எண்ணெய் பாய்ந்தது, கடற்படையின் குடிநீர்க் கிணற்றை அடைந்தது.

வண்டி இடித்தது ஒரு நொடி. அந்த நொடிக்குப் பின்னால் நின்றவை, ஆறு மாதப் பொய்க்கணக்கும், ஏழாண்டுத் தாமதமும். அதனால்தான் கடற்படையின் விசாரணை அறிக்கையே, 2022 சூன் இறுதியில் வெளியானபோது, இது தவிர்த்திருக்கக்கூடிய கேடு என்று ஒப்புக்கொண்டது.

இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. எண்ணெய்க்கு உரியவர் யார்? கடற்படை. குழாயைப் பேணுபவர் யார்? கடற்படை. கிணற்றை இயக்குபவர் யார்? கடற்படை. நீர் நல்லதா கெட்டதா என்று மக்களுக்கு முதலில் சொன்னவர் யார்? அவர்களேதாம்! களவு போன வீட்டில், ஐயத்துக்குரியவனிடமே விசாரணைக் கோப்பை ஒப்படைத்ததற்கு இது நிகரன்றோ?

அந்தச் சங்கிலியை அறுத்தது எது? முதலில், மக்களின் மூக்கு. மணம் வருகிறது என்று வீட்டுக்கு வீடு குரல் எழுந்தது. அடுத்து, கடற்படைக்குக் கட்டுப்படாத மாநிலச் சுகாதாரத் துறை. நவம்பர் 30ஆம் நாள், அந்த நீரைக் குடிக்கவேண்டாம் என்று அத்துறை அறிவித்தது. தொடக்கப் பள்ளியொன்றில் எடுத்த நீரை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது அதில் பெட்ரோலியப் பொருள் இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் கடற்படையும் ஒப்புக்கொண்டது. நாங்களும் குடிக்கிறோம் என்று சொன்ன தளத் தலைவர் மன்னிப்புக் கோரினார். டிசம்பர் 6ஆம் நாள், வேலையை நிறுத்து, நீரைத் தூய்மையாக்கு, தொட்டிகளைக் காலி செய் என்று மாநில அரசு நெருக்கடி ஆணை பிறப்பித்தது. 2022 மார்ச் 7ஆம் நாள், நிலையத்தை நிரந்தரமாக மூடுவதாகப் பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டின் அறிவித்தார். 2023 அக்டோபரில் தொடங்கி 2024 மார்ச்சுக்குள் சுமார் 39 கோடி லிட்டர் எரிபொருள் வெளியேற்றப்பட்டது. பல ஆண்டு எச்சரிக்கை அசைக்காத மலையை, மக்கள் குரலும் தனித்து நின்ற சோதனையும் சேர்ந்து நான்கே மாதத்தில் அசைத்தன.

"சரி, எண்ணெயை எடுத்தாயிற்று, கிணற்றைக் கழுவினால் போதாதா?" என்று கேட்கும் தோழர்கள் இருக்கலாம். நிலத்தடி நீரின் இயல்பை அறிந்தால் அந்தக் கேள்வி எழாது.

நிலத்தடி நீர் என்பது மண்ணுக்கடியில் கிடக்கும் ஏரியன்று. மணலின் துளைகளிலும் பாறையின் வெடிப்புகளிலும் ஊறி, மெல்ல மெல்ல நகரும் நீர் அது. மேலே சிந்திய எண்ணெய் கீழிறங்கும்போது, வழியிலுள்ள துளைதோறும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. மிஞ்சியது நீரைத் தொட்டதும் அதன்மேல் மிதக்கிறது. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறினால் எண்ணெயும் ஏறும். கோடையில் இறங்கினால் அதுவும் இறங்கி, இடைப்பட்ட மண் முழுவதையும் பூசிவிடும். எண்ணெயில் உள்ள சில நச்சுப் பொருள்களோ நீரில் கரைந்து, அந்நீர் போகும் திசையிலேயே பயணம் போகும்.

பென்சீன் என்னும் பொருளை எடுத்துக்கொள்வோம். இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது அது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. நம் நாட்டுப் பெட்ரோலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை பென்சீன் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தகைய ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் முழுவதும் கரைந்தால், 8 இலட்சம் லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும். ஒரு லிட்டருக்கு இது. ஆயிரக்கணக்கான லிட்டர் சிந்தினால்?

ஆகவேதான் முதல் வேலை ஆராய்வதாகிறது. கண்காணிப்புக் கிணறுகள் தோண்டவேண்டும். மூன்று கிணறுகளிலேனும் நீர்மட்டத்தை அளந்தால்தான் நீர் எப்பக்கம் சரிந்து ஓடுகிறது என்பது புலப்படும். மிதக்கும் எண்ணெய் எவ்வளவு தடிப்பு, கரைந்த நஞ்சு எத்தனை தெரு தாண்டியிருக்கிறது, எந்தக் குழாயின் எண்ணெய் அது என்பவற்றைச் சோதனைச்சாலை சொல்லவேண்டும். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விமான எரிபொருளுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. கைரேகைபோல் அதைப் படித்தறியலாம்.

அடுத்து வருவது துப்புரவு. கசிவை அடைப்பது முதற்படி. மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பது இரண்டாம் படி. மண்ணில் ஒட்டியதன் ஆவியைக் குழாய் வைத்து உறிஞ்சுவது, கெட்ட நீரை இறைத்துக் கரியால் வடிப்பது, காற்றைச் செலுத்தி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை எண்ணெயைத் தின்னச் செய்வது ஆகியவை அடுத்தடுத்த படிகள். ரெட் ஹில் கிணற்றிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 1 கோடியே 90 இலட்சம் லிட்டர் வரை இறைத்துக் கரித்தொட்டிகளில் வடித்தனர். வீட்டுக் குழாய்களைக் கழுவி, 2022 மார்ச்சில் குடியிருப்பு முழுவதற்கும் தடையை நீக்கினர். ஆனால் அருகிருந்த ஹலாவா கிணற்றை ஹொனலூலு குடிநீர் வாரியம் 2021 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது. ஏன்? அங்கே இறைத்தால் மலையடியிலுள்ள எண்ணெய் நகரக் கிணற்றை நோக்கி இழுபடும் என்ற அச்சம்தான். நகரின் பெரிய ஊற்றுகளுள் ஒன்று அது. சிந்தியவர் ஒருவர், கிணற்றை மூடியவர் மற்றொருவர்!

துப்புரவு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில் கர்ட்லண்டு விமானப்படைத் தளம் இருக்கிறது. 1950களில் அமைத்த எரிபொருள் நிலையத்தின் நிலத்தடிக் குழாய்களில் பல்லாண்டுகளாகக் கசிவு இருந்ததை 1999இல்தான் கண்டுபிடித்தனர். 2007இல், பல நூறு அடி ஆழத்திலிருந்த நீரின்மேல் எரிபொருள் மிதப்பதைக் கண்டனர். கெட்ட நீரை இறைத்து வடிக்கும் நிலையம் 2015இல்தான் இயங்கத் தொடங்கியது. கசிந்தது எவ்வளவு? 2 கோடி லிட்டருக்கு மேல் என்பர் சிலர்; 9 கோடி லிட்டர் வரை என்பர் சிலர். இத்தனை கோடி வேறுபாடு ஏன்? கசிந்த நாளில் கணக்குப் பார்த்தவர் எவருமிலர் என்பதே அதன் பொருள்.

"நாட்டுக்கு எண்ணெய் வேண்டாமா? பேருந்து ஓடவேண்டாமா? தொழிலாளிக்கு வேலை வேண்டாமா?" என்று நம்மை மடக்க நினைப்போர் உளர். எண்ணெய் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சாலையில் ஓடும் ஆயிரம் லாரிகளைவிடக் குழாய் நல்லது என்ற வாதத்திலும் உண்மை உண்டு. நாம் கேட்பது, எண்ணெயின் ஆதாயம் ஒருபுறமும் அதன் நஞ்சு மறுபுறமும் பிரிந்து போகலாமா என்பதுதான். நாட்டின் பாதுகாப்பு என்ற பெரிய சொல்லைத்தான் ரெட் ஹில்லிலும் நெடுநாள் கேடயமாகப் பிடித்தனர். முடிவில், அந்தத் தொட்டிகள் இல்லாமலே பாதுகாப்புக்கு வழி உண்டு என்று அவர்களே ஒப்பினர். அந்த வழியை 2014லேயே தேடியிருந்தால் எத்தனை குடும்பம் தப்பியிருக்கும்! வீடு விட்டு விடுதிகளில் பல மாதம் தங்கிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். அவர்கள் தொடுத்த வழக்கில் முதலில் விசாரிக்கப்பட்ட 17 பேருக்கு மொத்தம் 6,80,000 டாலருக்கு மேல் இழப்பீடு தருமாறு 2025 மே மாதம் தீர்ப்பாயிற்று. கேடு வந்து மூன்றரை ஆண்டு கழித்து!

இனி நம் வாயிற்படிக்கு வருவோம். வடசென்னைத் தண்டையார்பேட்டையில், 2013ஆம் ஆண்டு, ஆழ்துளைக் கிணற்று நீரில் எரிபொருள் கலந்து வரக் கண்டனர் மக்கள். தெருவுக்கடியில் சென்ற எண்ணெய்க் குழாயின் கசிவே காரணம். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் சென்றது. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து அறிஞர்கள் மண்ணையும் நீரையும் ஆராய்ந்தனர். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில், மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளைக் கெடுத்தது. ஆறில்லாத, சுண்ணாம்புப் பாறை நிலம் அது. கிணறு கெட்டால் மக்களுக்கு வேறு போக்கிடமில்லை. 2019 ஏப்ரலில், இழப்பீடாக 2 கோடி ரூபாய் வழங்குமாறு மின்உற்பத்தி நிறுவனத்துக்கு இலங்கை உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

ஹவாயிலும் தண்டையார்பேட்டையிலும் சுன்னாகத்திலும் கேட்டை முதலில் கண்டறிந்த கருவி எது? கோடி ரூபாய் இயந்திரமன்று. தண்ணீர் பிடித்த மக்களின் மூக்கு! ஆகவே அந்த மக்களிடமிருந்தே விசாரணை தொடங்கவேண்டும் என்கிறோம்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என 1996இலேயே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. அதுவும் வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவு குறித்த வழக்கில்! எனவே பணம் யார் தருவது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. விடை காணவேண்டியது அடுத்த கேள்விக்கு: பணம் தருபவரே ஆய்வாளரைத் தேர்ந்தெடுத்து, அறிக்கையைப் பூட்டி வைத்து, "தூய்மையாயிற்று" என்று தாமே சான்றிதழும் எழுதிக்கொள்ளலாமா? கூடாது!

ஆட்சியாளர் முன் நாம் வைக்கவேண்டிய கோரிக்கைகள் இவை. ஒன்று, எந்தத் தெருவுக்கடியில் எந்தக் குழாய் போகிறது, எப்போது பதித்தது, எப்போது சோதித்தது என்பதை அத்தெரு மக்கள் அறியவேண்டும். இரண்டு, கசிவு நேர்ந்தால் செலவு நிறுவனத்தினுடையது. ஆராய்ச்சி, நிறுவனத்துக்குக் கட்டுப்படாதவருடையது. மூன்று, ஒவ்வொரு சோதனை முடிவும் தமிழில், தேதியோடு, ஊர் நடுவே ஒட்டப்படவேண்டும். நான்கு, கிணறு தேறும்வரை மாற்றுக் குடிநீர் வீட்டு வாசலுக்கு வரவேண்டும். ஐந்து, தூய்மையாயிற்று என்று அறிவித்த பின்னும், மழையிலும் கோடையிலுமாகப் பல ஆண்டு கண்காணிப்பு தொடரவேண்டும்.

கோரிக்கை வைப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. கிளைதோறும் தோழர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் திறவுங்கள். எந்த வீட்டில் கிணறு, எவ்வளவு ஆழம், மணமும் சுவையும் எப்படி என்று எழுதிவையுங்கள். எண்ணெய் மணம் வந்தால், வந்த நாளைக் குறியுங்கள். தூய கண்ணாடிப் புட்டியில், காற்றுக்கு இடமின்றி வாய்வரை நீர் நிரப்பி இறுக மூடி, குளிர்ச்சியில் வைத்து, தாமதமின்றிச் சோதனைச்சாலை சேருங்கள். கொதிக்கவைத்தால் சரியாகும் என்று எவரேனும் சொன்னால் தடுத்து நிறுத்துங்கள். ஆவி வீட்டுக்குள் பரவும். அந்தக் கிணற்றருகே பீடி நெருப்பும் கூடாது. இன்னும் ஆழமாகத் துளையிடுவோம் என்று ஆளுக்காள் புறப்படவும் விடாதீர்கள். மேலே நிற்கும் நஞ்சுக்குக் கீழே இறங்கப் பாதை போட்டுக் கொடுத்ததாக முடியலாம்.

தோழர்களே! செய்தித்தாளின் முதல் பக்கத்தில் எண்ணெய்க் கசிவு ஒரு வாரம் இருக்கும். மண்ணுக்கடியிலோ ஒரு தலைமுறை இருக்கும். அந்த ஒரு வாரத்துக்கும் ஒரு தலைமுறைக்கும் இடைப்பட்ட நெடிய காலத்தில்தான் கோப்புகள் தூங்குகின்றன, கணக்குகள் திருத்தப்படுகின்றன, மக்கள் மறக்கின்றனர். அந்தக் காலம் முழுவதும் விழித்திருப்பதே நம் வேலை. ஊர்வலத்தில் ஒரு நாள் கொடி பிடிப்பதைவிட, கிணற்றடியில் பத்தாண்டு நோட்டுப் புத்தகம் பிடிப்பது கடினம். அந்தக் கடினமான வேலைக்கு ஆள் வேண்டும். இந்த ஞாயிறே, உங்கள் தெருக் கிணற்றிலிருந்து தொடங்குங்கள்!